சாப்பாட்டு மேசைச் சபை

“உட்கார்ந்துகிட்டே பேசினா அது கூட்டக் கணக்குல சேராது. எழுந்து நின்னு, தலைவரைப் பார்த்துப் பேசணும்!”

குடியிருப்போர் சங்கத் தலைவர் மணியைத் தட்டினார். நாடாளுமன்றமே தம் தோளில் நிற்பதாக அவருக்கு நினைப்பு. கூடியிருந்ததோ அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி. தலைவரையும் சேர்த்தே ஏழு பேர்.

காப்பகக்காரி எழுந்தாள். கீழ்த்தளப் பொது அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. அந்த அறையைச் சீட்டாட்ட அறையாக்குவது இன்றைய தீர்மானம்.

“வேலைக்குப் போற பொண்ணுங்க பிள்ளைங்களை எங்கே விடுவாங்க தலைவரே?”

“பொருளுக்குப் புறம்பான பேச்சு. ஓட்டெடுப்பு!”

தலைவரின் சீட்டுக் கூட்டாளிகள் மூவரும் கை தூக்கினர். கூடவே இன்னொரு கை. தலைவரின் மனைவி!

எதிர்த்தவர்கள் காப்பகக்காரியும் மாடி வீட்டு நர்ஸும்தான்.

“அக்கா, நீங்களுமா? நேத்துகூட உங்க பேத்தியை நான்தானே தூங்க வெச்சேன்!”

“நான் எதிர்த்தா மூணுக்கு மூணு. சமமா நின்னாதான் தலைவருக்கு ஓட்டு. அது யாருக்கு விழும்னு தெரியாதா?”

“அதுக்காக? நல்ல பதிவிரதைம்மா நீங்க!” என்றாள் நர்ஸ்.

காப்பகக்காரி தலைவர் பக்கம் திரும்பினாள். “மறுபடி ஓட்டெடுங்க!”

“தோத்தவங்க அதைக் கேட்க முடியாது,” தலைவர் உதட்டைப் பிதுக்கினார். “ஜெயிச்ச பக்கம் கை தூக்கினவங்கதான் மறுபரிசீலனை கேட்கலாம். விதி தெரியாததெல்லாம் உறுப்பினர்னு வந்து உட்கார்ந்துடுது!”

சீட்டு மேசைக்கு இடம் அளக்க, அந்த மூவரும் டேப்போடு கீழே பாய்ந்தனர். தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய காப்பகக்காரியின் கையைத் தலைவரின் மனைவி பிடித்து இழுத்தாள்.

“எங்கே ஓடறீங்க? நாலு பேர் இருந்தாதான் கூட்டம் செல்லும். உட்காருங்க!”

“அப்படிச் சொல்லு!” தலைவர் பூரித்தார். “என் வீட்டுக்காரிக்கு இருக்கிற விதி ஞானம் இங்கே யாருக்கு இருக்கு? சரி, அடுத்த பொருள், தண்ணீர்த் தொட்டி...”

அவர் மனைவி எழுந்து நின்றாள்; முறைப்படி தலைவரைப் பார்த்தாள்.

“என்னங்க... மன்னிக்கணும், தலைவர் அவர்களே! சீட்டாட்ட அறைத் தீர்மானத்தை மறுபரிசீலனை பண்ணணும். நான்தான் ஜெயிச்ச பக்கம் கை தூக்கியிருக்கேனே?”

“வழிமொழியறேன்!” நர்ஸ் துள்ளி எழுந்தாள்.

மேசையைச் சுற்றி அப்போது மீதமிருந்தவை, மூன்று பெண்களின் ஓட்டுகளும் ஒரு மணியும்தான்.