கடைசிப் பிள்ளை

பதின்மூன்றாவது பிள்ளை செத்து விழும்போது தல்லோஸின் இடது முழங்கால் மடங்கிக்கொண்டது.

மேல்படிகளில் இருந்த துறைமுகச் சுமைகூலிகளுக்கு அது போதும்.

"எழுந்திருடா கிழவா, இன்னும் ஒண்ணு பாக்கி. அதையும் சாகடிச்சுட்டுப் போய்ப் படு."

ரோமானியத் துறைமுகமான புதியோலியின் அரங்கமே சிரித்தது.

ஊமைக்கூத்தாடியின் முகமூடிக்கு வாய் மூடியபடிதான் செதுக்குவார்கள். உள்ளே அவன் பல்லைக் கடித்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

நியோபே கதை. ஏழு மகன், ஏழு மகள் என்று ஒரு தேவியிடம் பீற்றிக்கொண்டு, அம்புகளுக்கு அத்தனை பேரையும் பறிகொடுத்த ராணி. அவளாகவும், வில்லெடுத்த தேவனாகவும், சாகிற பிள்ளை ஒவ்வொன்றாகவும் அவன் ஒருவனே ஆடிக்கொண்டிருந்தான்.

முழங்கால் மூன்று நாளுக்கு முன்பே வீங்கிவிட்டது. அடுத்த ஆண்டுத் திருவிழாவில் ஆடலாமே என்று பாடகர் தலைவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அதுவரை தாங்காது என்றான் தல்லோஸ். முப்பத்தெட்டு வயது அடிமை வேறென்ன சொல்வான் என்று விட்டுவிட்டார்கள்.

ஆட்டம் பார்த்த கூட்டம் மனமுருகிக் கேட்டால், எஜமானர் தன் அடிமையை விடுவிப்பது வழக்கம். மறுக்கலாம். மறுத்துவிட்டு அந்த ஊரில் தலைகாட்ட முடியாது. போன ஆண்டு ஒரு தேரோட்டிக்கு அப்படித்தான் விடுதலை கிடைத்தது.

அவனுடைய எஜமானி ருப்ரியா முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்தாள்.

ருப்ரியாவின் இன்னோர் அடிமையான குழல்காரி மெலிதினே, வாயிலிருந்து இரட்டைக் குழலை எடுக்காமலே, காலில் கட்டிய மரத்தாளத்தை ஓங்கி மிதித்தாள். மறுபடி மிதித்தாள்.

அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

கடைசி மகள் ஓடி வருகிறாள். தல்லோஸ் போர்வையை விரித்து, அங்கே இல்லாத குழந்தையை உள்ளே இழுத்து மூடினான். அம்பு வரும் திசையில் ஒரு கையை நீட்டினான். இது ஒன்றையாவது விட்டுவிடு என்றது அந்தக் கை. விரல்கள் நடுங்கின. முழங்காலை நடுங்க விடவில்லை.

பிறகு போர்வைக்குள் இருந்தது மெல்லச் சரிந்தது.

வறுகடலை கொறிக்கும் சத்தம்கூட நின்றுபோயிற்று.

முதலில் எழுந்து நின்றவன், கிழவா என்று கத்திய அந்தச் சுமைகூலிதான். விடுதலை கொடு என்று அவன் தொடங்கியதை அரங்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. ருப்ரியா திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நீதிபதி புன்னகையோடு காத்திருந்தார். அவள் எழுந்து கையை உயர்த்தினாள்.

தல்லோஸ் முகமூடியைக் கழற்றினான். நொண்டி நொண்டி நடந்துபோய்க் குழல்காரியின் பக்கத்தில் நின்றான்.

"எனக்கு வேண்டாம்மா. இவளுக்குக் குடுங்க."

ஒரு கணம் கூட்டம் குழம்பியது. அப்புறம் அதே முழக்கம், இன்னும் பலமாக. ருப்ரியா உயர்த்திய கையை இறக்க வழியில்லாமல் தலையசைத்தாள். நீதிபதி மெலிதினேயின் பெயரைச் சொல்லி, இன்று முதல் இவள் சுதந்திரமானவள் என்று அறிவித்தார்.

அவள் காலிலிருந்த தாளத்தை அவிழ்க்கப் பார்த்தாள். குனிய முடியவில்லை. தல்லோஸ்தான், வீங்கிய முழங்காலைத் தரையில் ஊன்றி, அவிழ்த்துவிட்டான்.

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தபோது, தளர்வாகப் போர்த்தியிருந்த மேலாடை விலகியது.

எட்டாவது மாதம்.

அடிமை பெற்றால் எஜமானிக்குச் சொந்தம். சுதந்திரமானவள் பெற்றால் யாருக்கும் சொந்தமில்லை.