முன்பாதி

இமானுவேலின் வாயில் ஜெபத்தின் பின்பாதிதான் வந்தது. முன்பாதி அவனுக்குப் பழக்கமே இல்லை.

ஜெபமாலை என்றால் ஒருவர் முன்பாதியைச் சொல்ல வேண்டும், மற்றவர் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். முன்பாதி பெண்டாட்டிக்கு, பின்பாதி புருஷனுக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் அந்த வீட்டில் அப்படித்தான். செபஸ்தியாள் ஆரம்பிப்பாள், அவன் முடிப்பான். கலியாணமாகி இருபத்தாறு வருஷமும் இப்படியே ஓடியது.

இல்லை, இருபத்திரண்டு வருஷம். கடைசி நாலு வருஷக் கதை வேறு.

இப்போது வீட்டில் அவன் மட்டும். வாசலில் தகரம் அடித்து, கொரோனா நோட்டீஸ் ஒட்டி இன்றோடு ஒன்பது நாள். செபஸ்தியாளை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றி ஆறு நாள். மூச்சுக்குத் திணறிய அவசரத்தில் ஜெபமாலையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் பக்கத்து வீட்டுப் பூமயிலின் நம்பரைத்தான் எழுதச் சொன்னாள். காய்ச்சலில் கிடக்கிற மனுசன் போனை எங்கே எடுக்கப் போகிறான் என்று நினைத்திருப்பாள்.

பூமயில் கடலாடிப் பக்கத்துக்காரி. பிழைப்புக்காகப் பாம்பனுக்கு வந்து நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே தலைகாட்ட மாட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் கூரையைத் தொடாத சுவர். இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள்.

மூன்று வேளையும் கஞ்சித் தூக்கைத் தகரத்துக்கு மேலே நீட்டுவது அவள்தான். நேற்று மத்தியானத்திலிருந்து செபஸ்தியாள் ஏன் போன் எடுக்கவில்லை என்று அவளிடம்தான் கேட்டான்.

"சார்ஜு தீந்திருக்கும்ண்ணே. அங்கன பத்துப் பேருக்கு ஒரு பிளக்காம். மதினி கூப்புடுவாக, நீங்க மொத கஞ்சியக் குடிங்க."

சொல்லிவிட்டு முகத்தைக் காட்டாமல் போய்விட்டாள். தொற்றுக்குப் பயப்படுகிறாள் போலும், பாவம், பிள்ளைகுட்டிக்காரி.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. செபஸ்தியாள் மண்டிபோடுகிற நேரம். வீடு 'ஓ'வென்று கிடந்தது. அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் மகன் ரீகனைக் கடல் கொண்டுபோனது. அப்போது இந்த வீட்டில் முப்பது நாள் ஜெபமாலை நடந்தது. சாவு விழுந்த வீட்டில் மட்டும் ஒவ்வொரு பத்து ஜெபத்தின் முடிவிலும் செத்தவருக்காக ஒரு வரியைச் சேர்த்துச் சொல்வார்கள். 'நித்திய இளைப்பாற்றி' என்று ஆரம்பிக்கிற வரி. செபஸ்தியாள் அதன் முன்பாதியைச் சொன்னாள். அவன் வாயைத் திறக்கவில்லை. பின்பாதியைச் சொல்லிவிட்டால் பையன் செத்தது உறுதியாகிவிடும் என்று பயம். சாமியோடு அன்றைக்கு விட்ட பேச்சுதான்.

அதற்குப் பிறகு இரண்டு பாதியையும் அவளே சொன்னாள். முன்பாதி முடிந்ததும், இவன் சொல்வானா என்று ஒரு மூச்சு நிறுத்துவாள். பிறகு அவளே முடிப்பாள். அவன் டிவி சத்தத்தைக் கூட்டுவான். படுபாவி, ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் வாயா தேய்ந்துபோயிருக்கும்.

ஆணியிலிருந்து மாலையை எடுத்தான். முதல் மணியைப் பிடித்துப் பின்பாதியைச் சொன்னான். நிறுத்தினான். ஆரம்பித்து வைக்க ஆள் இல்லை. அடுத்த மணிக்கும் மொட்டையாகப் பின்பாதி.

மூன்றாவது மணியைப் பிடித்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அருள் நிறைந்த மரியே…"

பூமயில். பத்து வருஷமாகச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாடமாகியிருந்தது. செபஸ்தியாள் இழுக்கிற இடத்தில் இழுத்தாள், அவள் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டாள்.

அவன் முடித்தான். அவள் ஆரம்பித்தாள். அவன் முடித்தான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே, நாலு வருஷமாக இல்லாத ஒரு நிம்மதியும் வந்தது. சாமி எங்கேயும் போய்விடவில்லை, இந்த வீட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறார். செபஸ்தியாளை அவர் கைவிட மாட்டார். அவள் வந்ததும் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும், நீ ஆரம்பி, நான் முடிக்கிறேன் என்று.

பத்தாவது மணி முடிந்தது. அடுத்து என்ன சொல்ல வேண்டுமென்று பூமயிலுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று காத்திருந்தான்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. முந்தானையில் முகத்தைத் துடைத்திருப்பாள்.

பிறகு, மதினிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தே தீர வேண்டும் என்பதுபோல, அவள் மெதுவாக அந்த வரியைச் சொன்னாள்.

"நித்திய இளைப்பாற்றியை…"

முன்பாதியை முழுதாகச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். செபஸ்தியாள் நிறுத்துகிற அதே ஒரு மூச்சு.

இமானுவேல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பது இவள் நம்பர்தான்.

அந்த மூச்சு முடிவதற்குள், அவளே சொல்லி முடித்துவிடுவதற்குள், அவன் வாயைத் திறந்து பின்பாதியைச் சொன்னான்.