பன்னிரண்டாவது பெஞ்சு

"ஐயோ மேடம், கீழ பார்க்கலை!" என்று அவன் அலறியபோது வாளி காலியாகியிருந்தது. புது பெஞ்சில் தண்ணீர் தேங்குகிறதா என்று சோதிக்க ஊற்றியது, பலகை இடுக்குகள் வழியே சமர்த்தாக வடிந்து, அடியில் இருந்த பெரிய பையைக் குளிப்பாட்டிவிட்டது. பைக்குச் சொந்தக்கார அம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அரைமணி முன்புதான் மேஸ்திரி போனில் எச்சரித்திருந்தார். "டேய் முப்பது வருஷம், இன்னிக்கு மேலாபீஸ்ல இருந்து ஒரு அம்மா பூங்காவுக்கு வர்றாங்க. அவங்க ரிப்போர்ட்டுல நல்லபடியா எழுதினாத்தான் உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா இந்த மாசத்தோட நடையைக் கட்டு. வாயை மூடிக்கிட்டு இரு."

வாயை மூடுவதைத் தவிர மற்ற எல்லா வேலையும் அவனுக்கு நன்றாக வரும். பூங்காக்களில் பெஞ்சு மாட்டும் தினக்கூலி ஃபிட்டர். எதை மாட்டினாலும் "முப்பது வருஷம் அசையாது" என்று சொல்லிச் சொல்லியே பெயர் அதுவாகிப்போனது. அவன் வேலைதான் ஒன்பது வருஷமாக மாசாமாசம் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. பையைத் திறந்து ஒரு போர்வை, இரண்டு புடவைகள், பிளாஸ்டிக் உறையில் போட்ட சில காகிதங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பரப்பினார். வெளியூர் அதிகாரி, லாட்ஜ் போர்வையை நம்பாத ரகம் என்று அவன் எடைபோட்டான்.

"நாலு மணிக்குள்ள காஞ்சிடுமாங்க?"

"அடிக்கிற வெயிலுக்கு மூணுக்கே காஞ்சிடும் மேடம்."

"நான் வந்து..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், எனக்குத் தெரியும். இங்க பாருங்க மேடம், தூக்கிப் போட்ட பாட்டிலை உருக்கி வார்த்த பலகை. கரையான் தொடாது, மழையில உளுத்துப் போகாது. வெயில்ல கொஞ்சம் நீளும், அதுக்குத்தான் நடுநடுவுல விரல்கனம் இடைவெளி. முப்பது வருஷம் அசையாது! என் கல்யாணத்துக்கே நான் இவ்வளவு உத்தரவாதம் கொடுத்ததில்லை."

அந்த அம்மாள் பாதிச் சிரிப்பு சிரித்தார். பிறகு பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "விடியக்காலையில ரொம்பச் சில்லுனு இருக்குமோ?"

"இரும்புன்னா இருக்கும் மேடம். இது சுடவும் சுடாது, சில்லுனும் இருக்காது."

என்ன நுணுக்கம்! வந்துபோன அதிகாரிகளில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. டீ வந்ததா என்றுதான் கேட்பார்கள்.

பூங்காவில் மொத்தம் பன்னிரண்டு பெஞ்சு. அந்த அம்மாள் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே நடந்தார். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த கடைசிப் பெஞ்சில் நின்றுவிட்டார்.

"இது ஒண்ணுல மட்டும் நடுவுல கைப்பிடி இல்லையே?"

அவன் தோளில் கிடந்த சாமான் சாக்கைக் கீழே இறக்கினான்.

எந்தப் பெஞ்சிலும் யாரும் நீட்டிப் படுக்கக் கூடாது, அதனால் நடுவில் ஒரு கைப்பிடி என்பது மேலிடத்து உத்தரவு. எந்தப் பூங்காவிலும் ஒரே ஒரு பெஞ்சுக்கு மட்டும் அதை மாட்ட 'மறந்துவிடுவது' அவன் வழக்கம். மறதிக்காரன் என்று மேஸ்திரி திட்டுவார், அவனும் தலையைச் சொறிவான். ஒன்பது வருஷமாக எந்த அதிகாரி கண்ணிலும் படாதது, இவர் கண்ணில் பத்தே நிமிஷத்தில் பட்டுவிட்டது.

"இதுக்கும் மாட்டுவீங்களா? இப்படியே விட்டா என்ன?"

ஆழம் பார்க்கிறார்! "அதெப்படி மேடம் விடுவேன்? சாப்பிட்டுட்டு வந்து மாட்டலாம்னு வச்சிருந்தேன்."

"பரவாயில்லீங்க, நீங்க போய்ச் சாப்பிடுங்க."

"சாப்பாடு எங்க மேடம் ஓடிப்போகப் போகுது!"

சாக்கிலிருந்து கைப்பிடியை உருவி, பலகை நடுவில் நிறுத்தினான். பயத்தில் வாய் இன்னும் வேகமாக ஓடியது. "இது சாதா நட்டு இல்ல மேடம். முறுக்கி முடிச்சதும் தலை தானா ஒடிஞ்சு விழுந்துடும். அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. மாட்டின நானே நினைச்சாலும் கழட்ட முடியாது."

'டிக்' என்று முதல் நட்டின் தலை ஒடிந்து புல்லில் விழுந்தது. அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். இரண்டாவது விழுந்தது. மூன்றாவதை முறுக்கும்போது, இந்தப் பெஞ்சைத் தேடி வரப்போகும் முகம் தெரியாத யாரோ ஒருவனிடம் அவன் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். என்ன செய்வது, தனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே. நாலாவதும் விழுந்தது.

கைப்பிடியைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். இம்மியும் அசையவில்லை.

"முப்பது வருஷம் மேடம்! இப்ப சுத்தி வளைக்காம சொல்லுங்க, ரிப்போர்ட்டுல என்ன எழுதப்போறீங்க?"

அந்த அம்மாள் திரும்பிப் போய், பாதி காய்ந்த போர்வையை மடித்துப் பைக்குள் வைத்தார். "எந்த ரிப்போர்ட்டுங்க? நான் எந்த ஆபீசும் இல்லை."

அவன் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. "அப்ப எதுக்கு ஒவ்வொரு பெஞ்சா பார்த்தீங்க?"

"நாலு மணிக்கு என் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்துடுவா. ராத்திரிக்கு அவளைப் படுக்க வைக்க இது ஒண்ணுதாங்க இருந்துச்சு."