பம்பு கொடுக்காத நீர்

முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருந்தார் சிமெண்ட் மூட்டை தூக்கும் பேச்சிமுத்து. முழங்காலுக்குள் கேமரா நுழைந்ததுமே, மூட்டைக் கழுவ யாருக்கு எந்த நீர் என்று தானே முடிவுசெய்யும் பம்பின் திரையில் எழுத்துகள் வந்தன: ‘சுமைத் தொழிலாளி. குருத்தெலும்பு எப்படியும் தேயும். சாதா உப்புநீர் போதும்.’

நர்ஸ் எஸ்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு, குருத்தெலும்பைக் காக்கும் நீரை இதே பம்பு தாராளமாக விட்டிருந்தது.

“இவருக்கும் அதையே விடுங்க, டாக்டர்.”

“பம்பு ஒத்துக்காது சிஸ்டர். நான் என்ன பண்றது?”

“அப்போ நாளைக்கு அந்தப் பம்பையே மூட்டை தூக்கச் சொல்லுங்க!”

குழாயைப் பம்பிலிருந்து பிடுங்கி, நல்ல நீர்ப் பையில் சொருகினாள். பை மாட்டும் கம்பிகளைத்தான் பம்பு வந்த அன்றே தூக்கி எறிந்துவிட்டார்களே! உயரத்திலிருந்து இறங்கினால்தான் நீருக்கு வேகம். முக்காலியில் ஏறி, பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

“எவ்வளவு நேரம் சிஸ்டர் நிப்பீங்க?”

“நீங்க முடிக்கிற வரைக்கும்.”

நாற்பது நிமிடம் நின்றாள். அவளுடைய வலது முழங்காலில் எலும்போடு எலும்பு உரசியது. போன வருடம் அதையும் இதே பம்புதான் கழுவியது: ‘நின்று வேலை செய்பவர். சாதா உப்புநீர் போதும்.’