மேலே இருந்த கல்லறை

மனைவி ஞானப்பூவோடு சண்டை போட்டுக்கொண்டு மலைச்சரிவின் உச்சியில் தனிக்குடிசையில் வாழ்ந்த சவரிமுத்து, செத்தால் தன்னை அங்கேயே புதைக்கச் சொல்லியிருந்தார். புதைத்தார்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அடிவாரத்து வீட்டிலிருந்து சுண்ணாம்பு வாளியோடு மேலே போகும் ஞானப்பூவுக்கு ஆண்டுக்காண்டு ஏற்றம் குறைந்துகொண்டே வந்தது. மண் மெல்ல நகர, கல்லறையும் கூடவே நகர்ந்தது. இந்த ஆண்டு அது அவள் வீட்டுக் கொல்லை வேலியைத் தொட்டு நின்றது. சிலுவை வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

“மொத்தச் சரிவும் இறங்குதும்மா. அடுத்த மழைக்குத் தாங்காது. கிளம்பிடலாம்,” என்றான் மகன் அமலதாஸ்.

ஞானப்பூ சிலுவையை நிமிர்த்தாமலே வெள்ளையடித்து முடித்தாள். பிறகு வேலிப் படலைப் பிடுங்கி ஓரமாகச் சாத்தினாள்.

“நீ முன்னாடி போ. இத்தனை வருஷம் கழிச்சு அந்த மனுஷன் வாசல் வரைக்கும் வந்திருக்காரு. இப்பப் போயி வீட்டைப் பூட்டச் சொல்றியே.”