ரெண்டும் புதுசு

"ஏம்மா, முன்னாடி உட்கார்ந்திருக்கிற ரெண்டு விமானியில ஒருத்தனுக்காவது மீசை ஒழுங்கா முளைச்சிருக்கா?"

கோட்டுக்காரர் போட்ட சத்தத்தில் அந்தக் குட்டி விமானத்தின் முப்பது பயணிகளும் திரும்பிப் பார்த்தார்கள். விமானி அறைக் கதவை இன்னும் மூடவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கு விமானி அறை நன்றாகத் தெரிந்தது. அதுதான் வினை.

பணிப்பெண் சிரித்துச் சமாளித்தாள். "ரெண்டு பேரும் முறையா லைசென்ஸ் வாங்கினவங்க சார்."

"கேப்டன் ஆகி எத்தனை நாளாச்சு?"

"இன்னியோட ஒன்பது நாள் சார்."

"பக்கத்துல இருக்கிறவன்?"

"அவர்... போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தார்."

"அடக் கடவுளே! ஒரு புதுசு போதாதுன்னு ஜோடியா வேறயா? ரெண்டு பேர்ல ஒருத்தராவது அனுபவசாலியா இருக்கணும்னு விதியே இருக்கேம்மா!"

பக்கத்து இருக்கையில் இருந்த தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "விடுங்க சார். நான்கூட முதல் ஜாக்கெட்டைக் கோணலாத்தான் தைச்சேன்."

"ஜாக்கெட்டைப் பிரிச்சுத் தைக்கலாம். என்னைப் பிரிச்சுத் தைப்பீங்களா?"

மடியில் இருந்த பொட்டலத்தை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கவுன் இருந்தது. பேத்தி பிறந்து பன்னிரண்டு நாளாகிறது. அவர் இன்னும் முகம் பார்க்கவில்லை.

"பேத்தியைப் பார்க்காமப் போய்ச் சேர்ந்துடக் கூடாதும்மா. நான் பஸ்லயே போயிக்கறேன். இறக்கி விடு."

"இறங்கணும்னா காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும் சார்" என்று ஒரு படிவத்தை நீட்டினாள் பணிப்பெண்.

'ரெண்டு விமானியும் புதுசு. உயிருக்கு ஆபத்து' என்று எழுதியவர், அச்சடித்திருந்த எதையும் பார்க்காமல் சரக்கென்று கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுட்டுப் போடுங்க சார்."

"ஆபீஸ்ல தினம் நூறு கையெழுத்துப் போடறேன். எல்லாத்தையும் படிச்சுட்டிருந்தா வேலை நடக்குமா?"

தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "இதுவா கையெழுத்து? பல்லி வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடற மாதிரி இருக்கு!"

அவர் சிரிக்கிற நிலையில் இல்லை. "அது கிடக்கட்டும். அந்த விதி என்னாச்சு?"

"போன மாசமே எடுத்துட்டாங்க சார். அனுபவப்பட்ட ஆளுங்க கிடைக்கலையாம். பயணிங்க யாராவது கேட்டா காட்டச் சொல்லி, உத்தரவோட நகலைக்கூடக் குடுத்திருக்காங்க."

"எடுத்துட்டாங்களா? எந்த மடையன் எடுத்தான்? ஜனங்க உயிரோட விளையாடற அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன். கொண்டா இப்படி!"

பணிப்பெண் நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள். தையல்காரம்மாவும் ஆவலாகத் தலையை நீட்டினாள்.

கடைசி வரியில், 'தலைமை அதிகாரி, விமானப் பாதுகாப்பு' என்று அச்சாகியிருந்தது. கோட்டுக்காரர் அவசரமாக நகலை மடிக்கப் பார்த்தார்.

அந்த வரிக்கு மேலே விரலை வைத்துக் காட்டி, தையல்காரம்மா சொன்னாள்: "அட, இங்கேயும் அதே பல்லி!"