அத்தான் காரின் டப்பெட் சத்தம்

அத்தான் காரைத் தள்ளிக்கொண்டே என் பட்டறைக்குள் நுழைந்தார்.

சட்டை முழுக்க ஈரம். மூச்சு வாங்கியது. முகத்தில் மட்டும் பரீட்சையில் பாஸான களை.

எனக்கே மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் அக்கா புருஷன். இந்த வயதில் ஒரு மனுஷனைக் கார் தள்ள வைத்துவிட்டேனே என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

ஆனால் நான்தான் என்ன செய்வேன்? அது ரேடியேட்டரும் தண்ணீரும் இல்லாத பழைய கார். எஞ்சின் பின்பக்கம், அதைக் குளிரவைப்பது வெறும் காற்று. கொஞ்ச நாளாக டிக் டிக் என்று டப்பெட் சத்தம். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே மெல்லிசாக ஓர் இடைவெளி இருக்கவேண்டும், அது மாறிப்போயிருந்தது. சத்தம் போடுகிற வால்வைக்கூட மன்னிக்கலாம். சத்தமே போடாமல் இறுகிப்போன வால்வு ஒன்று உள்ளே இருந்தால், அது கருகிக் கருகி ஒரு நாள் தலை உடைந்து விழும். அதோடு எஞ்சின் காலி.

இடைவெளியை அளக்க எஞ்சின் சில்லென்று ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அளந்தால் அளவு பொய்யாகிவிடும்.

இதை ஒரு வாரமாகச் சொல்கிறேன். ராத்திரி வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், காலையில் அரை மணி நேர வேலை என்று. மனுஷன் அசைந்து கொடுத்தால்தானே? தினமும் விடிந்தும் விடியாததுமாகக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து நிறுத்துவார். நானும் அதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்திருப்பேன். எனக்குத் தொழில் பக்தி ஜாஸ்தி என்று ஊரில் பேச்சு.

வண்டியை விடாததற்கு அவரிடம் சாக்குக்குப் பஞ்சமில்லை. உன் கூரை ஒழுகும் என்றார். பூட்டு சரியில்லை என்றார். எலி சீட்டைக் கடித்துவிடும் என்றார்.

எலி இருப்பது உண்மைதான். ஆனால் சீட்டுப் பக்கம் போகாது. விளக்கை அணைத்த பிறகு மெதுவாக வந்து சோப்பைத் தூக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

நேற்று எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது, ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் இந்தப் பக்கமே வராதீர்கள் என்று கத்திவிட்டேன்.

அதனால்தான் இந்தத் தள்ளல்.

பாவம் பாவம் என்று நினைத்துக்கொண்டே காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, வால்வு கவரைக் கழற்றக் கை வைத்தேன்.

நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை வாசலில் தூங்கிய நாய் எழுந்து ஓடியது.

வெந்த விரல்களை வாயில் வைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்தேன். அத்தான் கூரையைப் பார்த்தார். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, சட்டையில் இருந்தது வியர்வை இல்லை, தெருக்குழாய்த் தண்ணீர். தெருமுனை வரைக்கும் ஓட்டி வந்து, குழாயில் சட்டையை நனைத்துக்கொண்டு, அங்கிருந்து தள்ளியிருக்கிறார். ஒரு மெக்கானிக்கிடம் போய்ச் சொல்கிற பொய்யா இது?

திட்ட வாயைத் திறந்தபோதுதான் பொறி தட்டியது. ரெண்டு தெருவுக்கு இந்தச் சூடு ஏறாது. இது ஊருக்கு வெளியே ரொம்ப தூரத்திலிருந்து வந்த சூடு.

விடிவதற்குள் இந்த மனுஷனுக்கு அங்கே என்ன வேலை?

சின்ன வீடு! என் அக்காவுக்கா இந்தக் கதி? ரத்தம் கொதித்தது. கையில் ஸ்பேனர் வேறு இருந்தது.

சீட்டுக்கு அடியில் இருக்கிற பேட்டரியைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காருக்குள் பாய்ந்தேன். பின்சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கிற பள்ளத்தில் கையை விட்டுத் துழாவினேன்.

தலையணை வந்தது. மடித்த போர்வை வந்தது. பல் பிரஷ், சோப்பு டப்பா எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. தலையணை உறையில் என் அக்கா கல்யாணத்துக்கு முன்னால் தன் கையால் போட்ட பூ.

சின்ன வீடு இல்லை. இந்த மனுஷனுக்கு இருக்கிற வீடே இதுதான்.

"காரா நானான்னு கேட்டா உங்கக்கா, மாப்ள. வெளையாட்டுக்குக் கேக்குறான்னு நெனச்சு, கொஞ்சம் யோசிச்சேன்."

யோசித்ததுதான் தப்பு. என் அக்கா எதையும் விளையாட்டுக்குக் கேட்கிற ரகம் இல்லை. அதன் பிறகு தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் தினமும் ஊருக்கு வெளியே போய்ப் படுத்திருக்கிறார்.

வால்வு உடைந்து விழுந்திருந்தால் காரோடு வீடும் போயிருக்கும். அக்காமேல் கோபம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கூரை ஒழுகுகிறது, எலி கடிக்கிறது என்று கதை அளந்த இந்த ஆள்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

உன் வீட்டில் யாரிடமும் சொல்லிவிடாதே என்று அத்தான் கெஞ்சினார்.

நான் வீட்டுக்குப் போனால்தானே சொல்வதற்கு.

கார் சாவியைப் பிடுங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மூலையில் இருந்த பழைய டயர்களை நகர்த்தி, பின்னால் சுருட்டி வைத்திருந்த என் மெத்தையை இழுத்துப் போட்டேன். அத்தான் மெத்தையைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய என் துண்டைப் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் இருந்த என் பல் பிரஷைப் பார்த்தார்.

"நீயுமா மாப்ள?"

அவருடைய தலையணையை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சோப்பை மட்டும் மூடி வைங்க அத்தான். எலி தூக்கிட்டுப் போயிடும்."